கயித்துக் கட்டில் கூரை

ஊர்ப்பக்கம் களத்துல ஒரு ஷெட் போடணும்னா வெல்டர் கிலோ கணக்குலதான் கூலி பேசுவார். இரும்பு எவ்வளவு எடை நிக்குதோ அவ்வளவு காசு. எடை குறைஞ்சா அவருக்கு நஷ்டம், அப்புறம் எப்படிக் குறையும்? 'பலமா இருக்கட்டுங்க' என்று இன்னும் நாலு ஆங்கிள் சேரும். நாமும் தலையாட்டுவோம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர் ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ், 1853இல் பிறந்தவர். மாஸ்கோவில் அலெக்சாந்தர் பாரி நடத்திய கம்பெனியின் தலைமைப் பொறியாளர். வரைபடம் போடுவதும் கட்டிக்கொடுப்பதும் அதே கம்பெனிதான். அதனால் குறைகிற ஒவ்வொரு கிலோவும் அவங்களுக்கு மிச்சம். எந்த வடிவத்துல டிரஸ் போட்டால் இரும்பு குறையும்னு கணக்குப் போட்டு, 1897இல் ஒரு புத்தகமே எழுதினார்.

விஷயம் நமக்குத் தெரிஞ்சதுதான். கம்பியை ரெண்டு பக்கமும் இழுத்தா லேசில் அறாது. அதையே நெட்டுக்கு நிறுத்தி அமுக்கினா நடுவுல வளைஞ்சுடும். அமுக்கத்தைத் தாங்கத்தான் கனமான இரும்பு வேணும், இழுவைக்கு மெல்லிசே போதும். கயித்துக் கட்டிலைப் பாருங்க. எவ்வளவு பெரிய ஆள் படுத்தாலும் தாங்குறது சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கயிறு. கயிறெல்லாம் இழுவையில இருக்கு, அமுக்கத்தைச் சட்டமும் காலும் வாங்கிக்குது.

ஷூகோவ் இதைக் கூரையாகவே போட்டார். 1896இல் நீஷ்னி நோவ்கரத் நகரத்தில் பெரிய தொழிற்கண்காட்சி நடந்தது. அங்கே மெல்லிய இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, வலை மாதிரி தொங்கவிட்டுக் கூரை அமைத்தார். அதில் ஒரு வட்டக் கட்டடத்துக்கு விட்டம் 68 மீட்டர். நடுவில் 25 மீட்டருக்குப் பட்டைகூட இல்லை, வெறும் தகடு, சட்டி மாதிரி தொங்கியது.

அதே கண்காட்சியில் அவர் நிறுத்திய தண்ணித்தொட்டிக் கோபுரமும் கூடை முடைஞ்ச மாதிரிதான் இருக்கும். கவிழ்த்து வைத்த கூடை ஒன்று பாரம் தாங்குவதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததுன்னு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, கோபுரத்தை ஒரு பண்ணையார் வாங்கிக்கொண்டு போய்த் தன் பலிபினோ கிராமத்தில் நிறுத்தினார். இன்னும் அங்கேதான் நிக்குது.

இதெல்லாம் சும்மா வந்த சிக்கனம் இல்லை. பட்டை குறுக்கிடுற இடத்துலெல்லாம் ரிவெட் அடிக்கணும், அதுக்குக் கை நிறைய வேணும். இரும்பு விலையாவும் கூலி மலிவாவும் இருந்தா கணக்கு சரி. கூலி ஏறிட்டா, கனமான ஒரே உத்தரத்தைத் தூக்கி வைக்கிறது சல்லிசாப் போயிடும். இன்னொண்ணு, கூரை லேசானா காத்து தூக்கும். ஆடிக்காத்துல தகரம் பறந்ததைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எடையைக் குறைக்கிறவர் காத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாகணும். சதுர அடிக்கு இவ்வளவுன்னு ரேட் பேசுற இடத்துல இரும்பு தானா இளைச்சுடும், ஆனா அந்தக் கணக்கை யார் போட்டதுன்னு கேட்டா பதில் வராது.

கண்காட்சிக்கு மறுவருஷம், 1897இல், வீக்ஸா ஊர் இரும்பாலைக்கு ஷூகோவ் இன்னொரு கூரை போட்டார். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளைந்த கூரை. வளைந்த பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டு ரிவெட் அடிச்சிருக்கு. அந்த வளைவேதான் பலம் கொடுக்குது. ரொம்ப நாள் சீந்துவாரில்லாமல் கிடந்து, பிறகு செப்பனிட்டிருக்காங்க. ரஷ்யப் பனி அத்தனையும் தாங்கி இன்னும் நிக்குது.