துருப்பிடிக்காத காரும் துருப்பிடித்த முதுகெலும்பும்

கார் என்றாலே இரும்பு. இரும்பு என்றாலே துரு! பழைய கார் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை இதுவாகத்தான் இருக்கும். கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, காலுக்குக் கீழே உள்ள தகடு என்று துரு தின்னாத இடமே இருக்காது. அப்படியிருக்க, துருவே பிடிக்காத பாடியுடன் ஒரு கார் வந்தால் எப்படி இருக்கும்?

அப்படிப்பட்ட கார்கள் 1950-களிலேயே வந்துவிட்டன. கண்ணாடி இழையால், அதாவது ஃபைபர்கிளாஸால் ஆன பாடி கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் அவை. அவற்றில் பெரும் புகழ் பெற்றது இங்கிலாந்தின் லோட்டஸ் எலான். ஆனால் இந்தக் காரை வைத்திருந்த பலருக்கு ஒரு நாள் அதிர்ச்சி காத்திருந்தது. வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே காரின் முதுகெலும்பு உளுத்துப்போயிருந்தது!

அப்படி உளுத்துப்போன கார்களில் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்த இடம் பெரும்பாலும் தொழிற்சாலை அல்ல, சாதாரண மனிதர்களின் வீட்டு கார் ஷெட். அது எப்படி முடிந்தது என்று பார்த்தால், அதற்கான விதை அந்தக் கார் பிறப்பதற்கு முன்பே விழுந்துவிட்டது தெரியவரும்.

ஃபைபர்கிளாஸ் காருக்குள் வந்த கதை

உருகிய கண்ணாடியைத் தலைமுடியை விட மெல்லிய இழைகளாக இழுத்து, அவற்றைப் பாய் போலப் பரப்பி, பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினில் நனைத்தால் சிறிது நேரத்தில் கெட்டியாக இறுகிவிடும். இழை வலிமையைத் தருகிறது. பிசின் வடிவத்தைக் காக்கிறது. கண்ணாடி இழை அமெரிக்காவில் 1930-களில் வணிக அளவில் தயாராகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு படகு கட்டுபவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். அடுத்து கார்காரர்கள் வந்தார்கள்.

காரணம் எளிது. இரும்புத் தகட்டில் பாடி செய்ய வேண்டுமானால் ராட்சத பிரஸ் எந்திரங்களும், ஒவ்வொரு பாகத்துக்கும் விலை உயர்ந்த அச்சுகளும் வேண்டும். பல்லாயிரம் கார் விற்றால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஃபைபர்கிளாஸுக்கு ஓர் அச்சு, ஒரு பிரஷ், ஒரு ரோலர், பொறுமையான கைகள் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெரிய நிறுவனமே 1953-ல் தன் முதல் கார்வெட் காருக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 300 கார்வெட்டுகள் கையாலேயே கட்டப்பட்டன. அத்தனையும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு!

பெரியவர்களுக்கே இது லாபம் என்றால் கையில் பணமில்லாத சின்ன கம்பெனிகளுக்குச் சொல்லவே வேண்டாம். அப்படி ஒரு சின்ன கம்பெனிதான் லோட்டஸ்.

ஷெட்டில் பிறந்த கம்பெனி

லோட்டஸை ஆரம்பித்தவர் காலின் சாப்மன். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பொறியியல் படித்தவர். 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரை எடுத்து, தன் காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வைத்துத் தன் முதல் காரைக் கட்டினார். ஹேசல் பின்னாளில் அவருடைய மனைவியானார். 1952-ல் கம்பெனி முறைப்படி தொடங்கியது.

எடையைக் குறைப்பதுதான் சாப்மனின் தாரக மந்திரம். 1957-ல் அவர் காட்டிய எலீட் காரில் தனியாக ஒரு சேஸியே இல்லை. பாடி முழுவதும் ஃபைபர்கிளாஸ். பாரத்தைத் தாங்குவதும் அதுவேதான். பார்க்க மிக அழகான கார். ஆனால் செய்து முடிக்க ஆன செலவு கையைக் கடித்தது.

அதனால் அடுத்த காரில் வேறு வழி தேடினார்கள். வடிவமைப்பை முன்நின்று நடத்தியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ரான் ஹிக்மன். 1962 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எலான் வெளிவந்தது. மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த ஒரு பெட்டி காரின் நடுவில் நீளவாக்கில் ஓடியது. முன்னால் இரண்டாகப் பிரிந்து எஞ்சினைத் தாங்கியது. பின்னால் பிரிந்து பின் சக்கரங்களின் சஸ்பென்ஷனைத் தாங்கியது. இதுதான் அந்த முதுகெலும்பு சேஸி. அதன் மேல் ஃபைபர்கிளாஸ் பாடியைப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். மொத்தக் காரின் எடையே சுமார் 680 கிலோதான். ஃபோர்டு எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, 1,558 சிசி கொள்ளளவில், இரண்டு கேம்ஷாஃப்ட் வைத்து உருவாக்கிய எஞ்சின் 105 குதிரைத் திறன் தந்தது.

பாடியும் சேஸியும் தனித்தனி என்ற இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு காரைக் காப்பாற்றப் போவது இதுதான்.

வரி கற்றுத் தந்த பாடம்

அந்தக் காலத்து பிரிட்டனில் முழுதாகக் கட்டிய புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக வாங்கி, வாங்கியவரே கட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. சாப்மன் இந்த ஓட்டையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். எலானை முழுக் காராகவும் வாங்கலாம், கிட்டாகவும் வாங்கலாம். கிட்டாக வாங்கினால் நூற்றுக்கணக்கான பவுண்டு மிச்சம். பெயின்ட் அடித்து, ஒயரிங் முடித்த பாடி வீட்டு வாசலில் வந்து இறங்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம், சஸ்பென்ஷன் போன்றவற்றை வாங்கியவர் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கிட்டோடு ‘கட்டும் முறை’ என்று புத்தகம் கொடுத்தால் வரி அதிகாரிகள் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், லோட்டஸ்காரர்கள் ‘கழற்றும் முறை’ என்று புத்தகம் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்தால் கார் தயார்! கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிற்காலத்தில் இந்தக் காரைப் புதுப்பித்தவர்கள் எல்லோரும் முதலில் செய்தது அதைத்தானே: கழற்றுவது.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய், வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி வந்தது. கிட் வாங்குவதில் இருந்த லாபம் மறைந்தது. அதே ஆண்டு இரண்டு இருக்கை எலானின் தயாரிப்பும் நின்றது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. சொந்த ஷெட்டில் ஒரு காரைக் கட்டத் தெரிந்த ஒரு கூட்டமே உருவாகிவிட்டது.

உள்ளே நடந்த துரோகம்

பாடி துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதுவே ஒரு பொய்யான நிம்மதியையும் கொடுத்தது. இரும்புக் காரில் துரு வெளியே தெரியும். பெயின்ட் கொப்பளிக்கும், உடனே கவனிக்கலாம். எலானில் துருப்பிடிக்கக்கூடிய எஃகு முழுவதும் பாடிக்கு அடியில் ஒளிந்திருந்தது. இங்கிலாந்தின் மழை, குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பு இரண்டும் அந்த மெல்லிய தகட்டைச் சத்தமில்லாமல் தின்றன.

முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் தூண்கள்தான் மிக மோசமான இடம். தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் சேற்றால் அடைபட்டால் உள்ளேயே ஈரம் தங்கும். ஓடும்போது அந்த இடம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பளபளக்கும் காருக்குள் உயிருக்கே உலை வைக்கும் ஆபத்து!

இன்னொரு வேடிக்கை பாருங்கள். எலானின் முன் விளக்குகள் வேண்டும்போது மேலே எழும்பும், வேண்டாதபோது படுத்துக்கொள்ளும். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம்தான் அவற்றை இயக்கியது. அந்த வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டியாகச் சேஸியின் முன் குறுக்குப் பகுதியையே பயன்படுத்தினார்கள். தனித் தொட்டி வேண்டாம், எடை மிச்சம். ஆனால் அந்தப் பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் வெற்றிடம் கசிந்தது. ஆரம்பகாலக் கார்களில் இருட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே விளக்கு மெல்லக் கண்ணை மூடிக்கொள்ளும்! துருவைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சி சில கார்களில் இதுவாகத்தான் இருந்தது.

ஷெட்டுக்குள் ஒரு சிகிச்சை

முதல் வேலை பாடியைத் தூக்குவது. கதவு, கண்ணாடி, இருக்கை, ஒயர் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி, படம் எடுத்து வைக்க வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் வெறும் பாடியை நாலைந்து பேர் கையாலேயே தூக்கிவிடலாம். கிரேன் வேண்டாம், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தால் போதும். இரும்பு மோனோகாக் காரில் இது நடக்கவே நடக்காது.

அடுத்தது சேஸி. லேசான துரு என்றால் வெட்டி வெல்டிங் செய்வார்கள். முற்றிய துரு என்றால் புதுச் சேஸிதான். மாற்றுச் சேஸி தனி உதிரி பாகமாகவே கிடைத்தது. பின்னாளில் துத்தநாகம் பூசிய சேஸியும் வந்தது. தொழிற்சாலை முதலில் செய்யாமல் விட்டதை இப்படி இரண்டாவது பிறவியில் சரிசெய்தார்கள்.

பிறகு பாடி. துருப்பிடிக்காதே தவிர, ஃபைபர்கிளாஸுக்கும் வயதாகும். மேற்பூச்சான ஜெல்கோட்டில் சிலந்தி வலை போல வெடிப்பு விழும். அதன் மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் அதே வெடிப்பு மீண்டும் எட்டிப் பார்க்கும். வெடித்த இடத்தை நல்ல அடுக்கு தெரியும்வரை சாய்வாக அரைத்து எடுத்து, கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் ரோலரால் அழுத்த வேண்டும். ஹார்டனர் பொதுவாக நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு. கூடினால் சூடேறி விரிசல் விடும்; குறைந்தால் இறுகாது. ஷெட் மிகவும் குளிர்ந்திருந்தாலும் இறுகாது. பழைய பெயின்ட்டை எடுக்க இரும்புக் காருக்குப் போடும் கடும் ரசாயனத்தை ஊற்றினால் அது ரெசினையே மென்மையாக்கிவிடும். எனவே உப்புத்தாளும் பொறுமையும்தான் துணை. ரெசினின் காட்டமான நெடிக்கும், நுரையீரலைக் கெடுக்கும் கண்ணாடித் தூசுக்கும் முகமூடி இல்லாமல் உள்ளே நுழையவே கூடாது.

கடைசியில் மின்சாரம். இரும்புக் காரில் பாடியே எர்த்தாக வேலை செய்யும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர ஒரு எர்த் ஒயர் தனியாக வேண்டும். புதுப்பித்த கார் முதல் நாளே எரியவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி இந்த எர்த்தாகத்தான் இருக்கும்.

எது அந்தக் கார்?

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சும். சேஸி புதுசு, ஒயர் புதுசு, பெயின்ட் புதுசு. அப்படியானால் 1960-களில் வந்த அதே கார்தானா இது?

சிலர் இல்லை என்பார்கள். பழைய சேஸியைத் தூக்கி எறிவது வரலாற்றையே தூக்கி எறிவது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எலானின் அடையாள எண் தகடு இருப்பது எஞ்சின் அறையில், ஃபைபர்கிளாஸ் பாடியில். அதாவது இந்தக் காரின் பெயர் எலும்பில் எழுதப்படவில்லை, தோலில் எழுதப்பட்டிருக்கிறது! ஓட்டவே ஆபத்தான ஒன்றை அசல் என்பதற்காகப் பூட்டி வைப்பதை விட, எலும்பை மாற்றி ஓடவிடுவதே அந்தக் காருக்குச் செய்யும் மரியாதை என்று இவர்கள் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு வசதியாகத்தானே அது கட்டப்பட்டது?

அப்படி ஓடியதால் உலகத்துக்கும் பயன் கிடைத்தது. 1989-ல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5, எலானை முன்மாதிரியாக வைத்துப் பிறந்தது. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மர்ரி, எலானின் ஸ்டீயரிங்குக்கு ஈடாகத் தன் காரில் கொண்டுவர முடியவில்லை என்று வருந்தியது பிரசித்தம். ஓடாமல் கண்காட்சியில் நின்றிருந்தால் அந்த ஸ்டீயரிங்கின் அருமை யாருக்குத் தெரிந்திருக்கும்?

ரான் ஹிக்மன் 1967-ல் லோட்டஸை விட்டு விலகினார். அவர் மனதில் அப்போது வேறொரு பொருள் இருந்தது. மரம் அறுக்கும்போது ஒரு நல்ல நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்ட அனுபவத்தில் பிறந்த யோசனை அது: மடித்து வைக்கக்கூடிய, பொருளை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேலை மேசை. 1972-ல் பிளாக் அண்ட் டெக்கர் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. ‘வொர்க்மேட்’ என்ற பெயரில் கோடிக்கணக்கில் விற்றது.

எத்தனையோ வீட்டு ஷெட்டுகளில் ஒரு பக்கம் எலானும் இன்னொரு பக்கம் வொர்க்மேட்டும் நின்றிருக்கின்றன. துருப்பிடித்த காரை வடிவமைத்தவரே, அதைச் சரிசெய்ய மேசையும் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்!