இன்சுலின் தொடங்கும்போது எழும் எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்த்தல்

இன்சுலின் ஊசி தேவை என்று மருத்துவர் கூறியதும், 'நான் தோற்றுவிட்டேன்', 'இதுவே நோயின் இறுதிக் கட்டம்' என்னும் எண்ணங்கள் எழுவது இயல்பு. நிகழ்வு ஒன்று, அதற்கு நாம் கொடுக்கும் பொருள் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது, மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையின் அடிப்படையாகும்.

உண்மை நிலை

இரண்டாம் வகை நீரிழிவில், கணையம் இன்சுலினைச் சுரக்கும் திறன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. உணவுக் கட்டுப்பாட்டைத் தவறாமல் கடைப்பிடித்தவர்களுக்கும் ஊசி தேவைப்படலாம். உடலில் குறைந்துவிட்ட இன்சுலினை அது ஈடுசெய்கிறது. தேவையான நேரத்தில் தொடங்காமல் தள்ளிப்போட்டால் கண், சிறுநீரகம், நரம்புகள் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• மனத்தில் எழும் எண்ணத்தை அப்படியே தாளில் எழுதுங்கள்.
• அதற்கு ஆதாரம் உண்டா, இதே நிலையிலுள்ள நண்பரிடம் இவ்வாறு கூறுவீர்களா எனச் சிந்தியுங்கள்.
• உண்மைக்குப் பொருந்தும் வாக்கியத்தை அருகில் எழுதுங்கள். எடுத்துக்காட்டு: 'என் உடலுக்குக் கூடுதல் உதவி தேவை, ஊசி போட நான் கற்றுக்கொள்கிறேன்.'

வருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. அதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூறுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

'அன்றே சொன்னேனே' எனக் குறைகூறாதீர்கள். முதல் சில நாட்கள் ஊசி போடும் வேளையில் உடனிருங்கள்.

மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும். டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.