நடுவில் வைக்கப்பட்ட பெயர்

1959 ஜனவரி 26 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியானது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளின் உயிரணுக்களில் 46 அல்ல, 47 குரோமோசோம்கள் இருப்பதாக அது அறிவித்தது. மருத்துவ மரபியலின் வரலாற்றையே மாற்றிய அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதலில் ஜெரோம் லெஜூன், கடைசியில் துறைத் தலைவர் ரேமோன் துர்பேன். நடுவில் ஒரு பெண்ணின் பெயர், அதுவும் பிழையாக. மார்த் என்பது மரி என்று அச்சாகியிருந்தது. குடும்பப் பெயரிலும் ஓர் எழுத்து கூடுதல்.

அந்தப் பெண் மார்த் கோத்தியே, குழந்தை மருத்துவர். 1955இல் ஹார்வர்டுக்குச் சென்று, அங்கே உயிரணுக்களை வளர்க்கும் முறையைக் கற்றுத் திரும்பியவர். பாரிஸின் துரூசோ மருத்துவமனையில் துர்பேனின் குழுவில் அந்த முறையை அறிந்தவர் அவர் ஒருவரே. ஆய்வகம் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. கண்ணாடிக் கலங்களைக் கடன் வாங்கிய பணத்தில் வாங்கினார். வளர்ப்பூடகத்துக்குச் சேவல் ஒன்றை வாங்கி அதன் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்தார். மனித சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார். 1958இல் அந்த 47ஆவது குரோமோசோம் கண்ணில் பட்டது. ஆனால் அதைப் படமெடுக்கும் நுண்ணோக்கி அவரிடம் இல்லை. படமெடுத்துத் தருவதாகச் சொல்லி லெஜூன் கண்ணாடித் தகடுகளை எடுத்துச் சென்றார் என்றும், கட்டுரை அச்சுக்குப் போகும் தறுவாயில்தான் தனக்குத் தெரியவந்தது என்றும் 2009இல் கோத்தியே எழுதினார். லெஜூன் பெயரிலான அறக்கட்டளை இதை மறுக்கிறது.

இரண்டு மாதத்தில் ஒன்பது குழந்தைகளைப் பற்றிய அடுத்த கட்டுரை வந்தது. அதிலும் பெயர்களின் வரிசை மாறவில்லை.

இந்த வரிசை ஏன் முக்கியம்? உயிர்மருத்துவத்தில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது என்றே வாசிக்கிறார்கள். நடுப்பெயர் 'உதவியவர்' ஆகிவிடுகிறது. பிறர் மேற்கோள் காட்டும்போது 'லெஜூன் மற்றும் பலர், 1959' என்று எழுதுகிறார்கள். அந்தப் 'பலர்' என்ற சொல்லுக்குள் கோத்தியே மறைந்தார். 1960களில் யூஜீன் கார்ஃபீல்டு தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, மேற்கோள்களை முதல் ஆசிரியரின் பெயரில்தான் அடுக்கியது. அதாவது, யார் முக்கியமானவர் என்பதை ஆய்வகத்தின் அதிகார அடுக்கு முன்பே முடிவுசெய்துவிட்டது. அட்டவணை அதை எண்ணாக மாற்றியது. எண்ணுக்குப் பாரபட்சம் இல்லை என்று நாம் நம்பினோம். பெண்களின் பங்களிப்பு ஆண்களின் கணக்கில் சேர்வதை மார்கரெட் ராசிட்டர் 1993இல் 'மட்டில்டா விளைவு' என்று பெயரிட்டு எழுதினார்.

கோத்தியே குரோமோசோம் ஆய்வை விட்டு, நோயுற்ற குழந்தைகளிடமே திரும்பினார். 2014 ஜனவரியில், அவருக்கு 88 வயது. போர்தோ நகர மாநாட்டில் அவர் பேசுவதாக இருந்தது. நீதிமன்ற அனுமதியோடு அறக்கட்டளை அனுப்பிய அலுவலர்கள் அவர் உரையைப் பதிவுசெய்ய வந்தார்கள். ஏற்பாட்டாளர்கள் உரையை ரத்துசெய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் அறநெறிக் குழு, அந்தக் கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று கருத்துரைத்தது. 55 ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் எந்த மேற்கோளையும் அவர் கணக்குக்கு மாற்றவில்லை. 2022இல் அவர் இறந்தார்.

ஆய்வு மாணவிகள் என்னிடம் தங்கள் கட்டுரைப் பட்டியலைக் காட்டும்போது கோத்தியேவைத்தான் நினைக்கிறேன். ஒரு கட்டுரையில் அப்பாவின் முன்னெழுத்து, கல்யாணத்துக்குப் பின் வந்ததில் கணவரின் பெயர். தரவுத்தளத்துக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். மேற்கோள்களும் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரே பெயரில் எழுதுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி போடுங்கள். பெயர் வரிசையை வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால், அந்தக் கண்ணாடித் தகடுகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.