வாராதவர் வழக்கு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி கடந்தால் பூண்டி. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை இம்மலையூர்கள் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாவட்ட நீதிமன்றத்தில் வாய்தா என்றால் மலையிறங்கி மதுரை செல்லவேண்டும்.

சபையில் தண்டம் விதிப்பது நமக்குப் புதிதன்று. நெல்லைக்கு அருகில், மானூரில், மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று (ஏறத்தாழ கி.பி. 800) உண்டு. எதற்கெடுத்தாலும் மறுப்புரைத்துச் சபைக் காரியத்தைத் தடுப்போரும், அவர்க்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்கிறது அது. வந்திருந்து குழப்புவோர்மேல் அக்கல்லுக்குக் கோபம்.

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கோபமோ வாராதவர்மேல். பிரதிவாதி வாராவிடில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. வாதி வாராது பிரதிவாதி வந்துவிட்டால் வழக்கே தள்ளுபடி. அழைக்கப்பட்ட சாட்சி வாராவிடில் 32-ஆம் பிரிவின்படி பிடியாணை, ஜப்தி, அபராதம். அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாயாக இருந்தது. 2002 ஜூலை முதல் 5000. (தொகை வளர்ந்த அளவுக்குப் பேருந்துகள் வளர்ந்தனவா என்று கேட்கத் தோன்றுகிறது.)

சாட்சியின் அபராதத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். பிரதிவாதி இழப்பது நிலத்தை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தருவது 30 நாள். போதிய காரணமும் காட்டவேண்டும். ஐப்பசி மழையில் மண்சரிந்து சாலை அடைபட்டதைப் போதிய காரணமாக ஏற்பதா என்பதை, சமவெளியில் அமர்ந்திருக்கும் நீதிபதி முடிவு செய்வார்.