இரவல் வாங்கிய பேய்

அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில், வானம் பார்த்த பூமியின் நடுவே தீர்த்தங்கரர் சிலைகள் இருக்கின்றன. இந்த வறண்ட சீமையிலும் சமணம் தழைத்ததற்கு அவை சாட்சி. அந்தச் சமயம் தமிழுக்குத் தந்த நீலகேசி, ஒரு பேய்க்கதையிலிருந்து பிறந்த காவியம்.

பழையனூர் நீலியை யாருக்குத்தான் தெரியாது? தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்கப் பேயாக வந்தவள். கள்ளிக்கட்டையைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை முன் அழுதாள். அவளை நம்பி அவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர், அவன் கொல்லப்பட்டதும் வாக்குத் தவறாமல் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இக்கதையின் சாயல் உண்டு.

பெயர் தெரியாத சமணப் புலவர் இந்த நீலியைத்தான் எடுத்துக்கொண்டார்.

முனிச்சந்திரர் என்ற துறவி, காளிக்கு உயிர்ப்பலி வேண்டாம், மண்பொம்மை போதும் என்கிறார். பலி இழந்த தெய்வம் அவரை விரட்ட நீலியை ஏவுகிறது. கோர உருவம் காட்டுகிறாள். இளவரசியாக வந்து மயக்கப் பார்க்கிறாள். அவர் அசையவில்லை. நீலி அவருக்கே மாணவியாகிறாள்!

அபாரமான துணிச்சல் இது. ஊரையே ஏமாற்றிய அதே நாக்கு, பிறகு பௌத்தர்களான குண்டலகேசியையும் மொக்கலனையும் வாதில் வெல்கிறது. சமயதிவாகர வாமன முனிவரின் உரையுடன் இக்காவியத்தை 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார்.