முதல் இடிக்கே மலையிறங்குவோம்



1752 இல் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னலும் மின்சாரமே என்று காட்டினார், இடிதாங்கி வந்தது. 115 வருடங்களுக்குப் பின், 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்று தொட்டு நம் ஆட்கள் கொழுந்து பறிப்பது திறந்த மலையில்.

மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் இடைப்பருவ மாதங்களில் காலையில் வெயில், பின்னேரம் இடி. மின்னி 30 செக்கனுக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போவோம். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுப்போம்.

"அரைப்பேர் ஆகிவிடும்" என்றுதான் நம் தாய்மார் நிற்கிறார்கள். கங்காணிமாரே, முதல் இடிக்கே ஆட்களை இறக்குங்கள். பேர் நாளைக்கும் விழும். போன உயிர் வராது.