சேப்பாக்கத்தில் டை ஆன டெஸ்ட்

மலர்க் குழுவினர் "பழைய கதை ஏதாவது எழுதுங்க அண்ணே" என்றார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுத நம்மில் தகுதியான பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது, நம் காலத்து மாணவர்கள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ரேடியோவைச் சுற்றி நின்ற ஒரு திங்கட்கிழமையைப் பற்றி: 1986 செப்டம்பர் 22.

எதிரணி ஆலன் பார்டரின் ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர் செய்தார்கள். அதில் டீன் ஜோன்ஸ் மட்டும் 210. எண்ணூரிலிருந்து நம்ம பக்கமாக ஓடி வரும் அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான் சேப்பாக்கம் மைதானத்துக்குப் பின்னாலும் போகிறது. அந்த நாற்றம் நமக்குப் பழக்கம், ஜோன்ஸுக்கு இல்லை. வெயில், புழுக்கம், வாந்தி. 170 ரன்னை ஒட்டி, முடியவில்லை, போகிறேன் என்றவரை, அப்படியானால் குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை அனுப்பு என்று பார்டர் சீண்டினார். மனுஷன் நின்று ஆடி, பிறகு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டார்.

ஃபாலோ ஆனைத் தவிர்க்க நமக்கு 375 வேண்டும். கபில்தேவ் 119 அடித்து 397க்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியா இரண்டாவது முறை 5 விக்கெட்டுக்கு 170 எடுத்திருந்தது. கடைசி நாள் காலையில் பார்டர், அது போதும் என்று டிக்ளேர் செய்துவிட்டார். ஒரே நாளில் 348 அடிக்க முடிந்தால் அடியுங்கள் என்று அர்த்தம்! துணிச்சல்காரர்.

தொடர்ச்சியாக நூறாவது டெஸ்டில் ஆடிய கவாஸ்கர் 90 எடுத்தார். 6 விக்கெட்டுக்கு 331 என்று வந்தபோது கல்மண்டபம் டீக்கடையில் எங்களுக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு. 17 ரன்தானே! சேத்தன் சர்மா போனார், மோரே போனார், ஒரு சிக்சர் அடித்த கையோடு சிவலால் யாதவும் போனார். டீ ஆறிப்போனது; யாரும் குடிக்கவில்லை.

கடைசி ஓவர். தேவை 4 ரன், கையில் ஒரே விக்கெட். அந்த வெயிலிலும் ஸ்வெட்டரோடு பந்துவீசிய கிரெக் மேத்யூஸ் எதிரே சாஸ்திரி. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். மணீந்தரிடம் ஏன் ஸ்ட்ரைக்கைக் கொடுத்தார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. அந்த ஒற்றை ரன்னோடு தோல்வி என்ற பேச்சே முடிந்துவிட்டது.

நான்காவது பந்தை மணீந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட, நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். எல்.பி.டபிள்யூ. இந்தியா 347.

இளைய தம்பி தங்கைகளுக்கு ஒரு விளக்கம். மணீந்தர் கடைசி மூன்று பந்துகளையும் ரன் இல்லாமல் தடுத்திருந்தால் ஆட்டம் 'டிரா'. ஸ்கோர் சமமாக இருந்தும், கடைசியாக ஆடும் அணி ஆல் அவுட் ஆகாவிட்டால் 'டை' கிடையாது. 1996ல் புலவாயோவிலும் 2011ல் மும்பையிலும் அப்படித்தான் டிரா ஆனது. அமெரிக்கர்களின் பேஸ்பாலில் சமனை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவார்கள். 1981ல் ரோசெஸ்டரை வெல்ல பாட்டக்கெட் அணிக்கு 33 இன்னிங்ஸ் தேவைப்பட்டது. டெஸ்டில் அந்த வசதி இல்லை.

2,500க்கும் மேற்பட்ட டெஸ்டுகளில் டை ஆனவை இரண்டே. முதலாவது 1960 டிசம்பரில், பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஆடியது. அதில் ஆடிய பாப் சிம்ப்சன்தான் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர். ஒரே மனிதருக்கு இரண்டுமா!

பந்து மட்டையில் பட்டதாகவே மணீந்தர் பின்னாளிலும் சொல்லிவந்தார். ஆட்ட நாயகன் விருதை ஜோன்ஸும் கபிலும் பகிர்ந்துகொண்டார்கள். ஜோன்ஸ் 2020 செப்டம்பரில் மும்பையில் காலமானார். விக்ரம்ராஜு அதன்பிறகு ஒரு டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை.